எருமைக் கேமரா

ரீபாவுக்கு வாயை விடக் கை முந்தும். பாளையங்கோட்டை முருகன்குறிச்சியில் அவள் ஸ்டுடியோவுக்குப் பாஸ்போர்ட் படம் எடுக்க வருகிறவர்கள் வரைக்கும் இது தெரிந்த சங்கதி. எட்டாம் வகுப்பில் பின்னலைப் பிடித்து இழுத்தவனின் முன்பல்லை ஜாமெட்ரி பாக்ஸால் பெயர்த்தவள். காலேஜ் போகிற காலத்தில், ஸ்ரீவைகுண்டம் பஸ்ஸில் இடுப்பில் கை வைத்த ஒரு பெரிய மனுஷனைக் குடைக்கம்பியால் கிழித்தாள். அவன் இறங்கி ஓடிய பிறகும் ஆத்திரம் தீராமல் ஜன்னல் வழியாகச் செருப்பைக் கழற்றி எறிந்துவிட்டு, ஒற்றைச் செருப்போடு வீட்டுக்கு வந்தாள். கல்யாண வீடுகளில் படம் எடுக்கப் போனால், "பொம்பளப் புள்ளையா வீடியோ எடுக்கு?" என்று இளிக்கிறவன் அடுத்த வார்த்தை பேசுவதற்குள் கேமரா பை அவன் விலாவில் இடித்திருக்கும்.

அப்படிப்பட்டவளுக்கு வாய்த்த புருஷன் ஹெப்ரான். பள்ளிக்கூட ஆபீசில் கிளார்க். கரப்பான்பூச்சியைக்கூட முறத்தில் ஏந்திக்கொண்டுபோய் வாசலில் விடுகிற ஆள். ரேஷன் கடை வரிசையில் எவனாவது இடையில் நுழைந்தால், "அவருக்கு என்ன அவசரமோ" என்று ஒதுங்கி இடம் கொடுப்பான். பார்க்கப் பார்க்க ரீபாவுக்குப் பற்றிக்கொண்டு வரும். "நீங்கெல்லாம் ஒரு ஆம்பளன்னு ஒங்க அம்மா எதப் பாத்து நம்புனாவ?" என்று நாலு பேர் முன்னாலேயே கேட்பாள். ஹெப்ரான் மூக்குக்கண்ணாடியைக் கழற்றிச் சட்டை நுனியில் துடைப்பான். அதுதான் அவன் பதில்.

கேமரா அவள் கைக்கு வந்தது போன வருஷம் ஆடியில். மேலப்பாளையத்து ஆமிர் வெளிநாட்டிலிருந்து மூட்டையாக வரும் பழைய எலக்ட்ரானிக் சாமான்களைப் பிரித்து விற்கிறவன். அவனிடம் பிளாஷ் லைட்டுக்கு ஒரு வயர் வாங்கப் போனவள், பிரியாணிப் பொட்டலம் அளவுக்கு ஒரு ஜப்பான் பிலிம் கேமரா கிடப்பதைப் பார்த்தாள். சாம்பல் நிறம். மூடியை நகர்த்தினால் லென்ஸ் தானாக மூக்கை நீட்டியது. போக்கஸ் செய்ய வளையம் கிடையாது, எல்லாம் அதுவே பார்த்துக்கொள்ளும். பொத்தானைப் பாதி அழுத்தினால் "ஜ்ஜிக்" என்று ஒரு சத்தம். அவ்வளவுதான்.

"இது ஒரு மாதிரி கேமராக்கா. பாத்துப் பழகணும்," என்றான் ஆமிர்.

"எல்லாம் நான் பழக்குவேன். நீ பேட்டரியப் போடு," என்றாள் ரீபா.

பழக்கின லட்சணத்தைக் கேளுங்கள். வீட்டுக்கு வந்து கறுப்பு வெள்ளைப் பிலிமைப் போட்டு மூடியதும் அந்தச் சனியன் "ர்ர்ர்ர்" என்று ஓட ஆரம்பித்தது. நிற்கவே இல்லை. மொத்தப் பிலிமையும் விழுங்கிவிட்டு, சின்னக் கண்ணாடியில் முப்பத்தாறு என்று காட்டியது. ஒரு படம் எடுத்தால் முப்பத்தைந்து. ஊரில் இருக்கிற கேமரா எல்லாம் ஒன்று, இரண்டு என்று ஏறும், இது இறங்கியது. "சவம், தலகீழாப் பொறந்துருக்கு!" என்று ரீபா அதன் மண்டையில் ஒரு தட்டுத் தட்டினாள்.

ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்து ஹெப்ரானையும் ஊரிலிருந்து வந்திருந்த தம்பி கிங்ஸ்லியையும் ஆற்றுக்குக் கூட்டிப்போனாள். கிங்ஸ்லி வாழைத்தார் ஏற்றுகிற லாரி ஓட்டுகிறவன். அக்காளுக்கு ஏற்ற தம்பி. அவனுக்கும் மூக்குக்கு மேல்தான் கோபம். இரண்டு பேரையும் தாமிரபரணிக் கரையில் ஜோடியாக நிறுத்திச் சில படங்கள் எடுத்தாள். பிறகு கேமராவைத் தம்பியிடம் கொடுத்துவிட்டு முகம் கழுவக் குனிந்தாள். அந்த எடுபட்ட பயல் பிலிம் தீர்ந்துவிட்டது என்று நினைத்து, பட்டப்பகலில் முதுகு மூடியைத் திறந்துவிட்டான்.

"மூதி! மூதி!" செவிட்டில் ஒன்று விட்டாள். "வெயில் பட்டா எல்லாம் செத்துரும்ல!"

"ரீபா, ஆளுவ பாக்காவ," என்றான் ஹெப்ரான் பைய.

"பாக்கட்டும்! ஒங்கள மாதிரி கண்ணாடியத் தொடச்சிக்கிட்டு நிக்கச் சொல்லுதீயளா?"

ஆனாலும் மனசு கேட்காமல் அந்தப் பிலிமைக் குளியலறையில் மருந்து கலக்கிக் கழுவிப் பார்த்தாள். எடுத்த படம் அத்தனையும் பிழைத்துக் கிடந்தது. எடுக்காத பாக்கிப் பிலிம்தான் கரியாகியிருந்தது. ஆமிருக்குப் போன் போட்டபோது அவன் சிரித்தான். "அதாங்க்கா சொன்னேன். இது மொதல்லயே பிலிமப் பூரா வெளிய இழுத்து வச்சிக்கிடும். எடுக்க எடுக்க ஒவ்வொரு படமா டப்பிக்குள்ள போட்டுப் பூட்டிரும். தொறந்தாலும் எடுத்தது பத்திரமா இருக்கும்." தம்பியை அடித்த அடி வீண். ரீபா அவனுக்கு ஒரு பரோட்டா பார்சல் வாங்கிக் கொடுத்து அந்தக் கணக்கை முடித்தாள்.

படங்களில் இன்னொரு கூத்து இருந்தது. முன்னால் நின்ற ஹெப்ரானும் கிங்ஸ்லியும் கலங்கிப்போய்க் கிடந்தார்கள். இரண்டு பேருக்கும் நடுவில் இருந்த சந்து வழியாகக் கேமரா அக்கரையைப் பார்த்திருக்கிறது. அங்கே தண்ணீரில் கிடந்த ஒரு எருமை, கொம்பின் வரி, மூக்கில் உட்கார்ந்திருந்த ஈ முதற்கொண்டு தெளிவாக விழுந்திருந்தது. நடுவில் எது இருக்கிறதோ அதைத்தான் அது பிடிக்கும், முன்னால் நிற்பவனைப் பற்றி அதற்குக் கவலையில்லை. "எருமையப் படம் எடுக்கவா ஒன்ன வாங்குனேன்?" என்று ரீபா திட்டினாள். கிங்ஸ்லி விழுந்து விழுந்து சிரித்தான். அன்றிலிருந்து வீட்டில் அதற்கு எருமைக் கேமரா என்றே பெயர்.

எருமை இருக்கட்டும். இனிமேல்தான் ரத்தம்.

ரீபாவின் சொந்த ஊர் ஸ்ரீவைகுண்டத்துக்குப் பக்கத்தில், வாழைத் தோட்டங்களுக்கு நடுவில் ஒரு வேதக்கோயிலும் தெருக்களுமாக இருக்கும். வருஷத்துக்கு ஒரு நாள் அங்கே அசனப் பண்டிகை. சபையார் அத்தனை பேரும் அரிசியும் ஆடும் கொடுத்து, கோயில் வளாகத்தில் அண்டா அண்டாவாகச் சோறும் கறிக்குழம்பும் வைத்து, ஒரே பந்தியில் உட்கார்ந்து சாப்பிடுகிற பண்டிகை. பண்ணையாரும் கூலிக்காரனும் முட்டியோடு முட்டி இடிக்க உட்கார வேண்டும். உனக்கு முன்னால் எனக்கு என்கிற பேச்சே அங்கே கூடாது. அதற்குத்தான் அசனமே.

அந்த வருஷம் சபைக் கமிட்டித் தேர்தல் முடிந்த சூடு ஆறவில்லை. வாழைக்காய் மண்டி அருமைநாயகம் ஜெயித்திருந்தார். அவரை எதிர்த்து நின்று தோற்றவன் கிங்ஸ்லி. பிரச்சாரத்தில் இரண்டு பக்கமும் பேசிய பேச்சை இங்கே எழுத முடியாது. தோற்றவன் வீட்டுப் பெண்களைப் பற்றி அருமைநாயகம் அசிங்கமாகப் பேசினார். அதற்கு ரீபா பாளையங்கோட்டையிலிருந்து பஸ் ஏறி வந்து, மண்டி வாசலில் நின்று, அவருடைய மூன்று தலைமுறையையும் கிழித்துக் காயப்போட்டுவிட்டுப் போயிருந்தாள்.

அசனத்தன்று சபைப் போதகரான ஐயர் ஜெபம் பண்ணி முடித்தார். பந்தி உட்கார்ந்தது. வாளியோடு பரிமாற வந்தவன் ரீபாவின் அம்மா உட்கார்ந்திருந்த வரிசையைத் தாண்டிப் போனான்.

"ஏலே, இங்கன எல போட்ருக்கு, கண்ணு தெரியலியா?" என்றான் கிங்ஸ்லி.

அருமைநாயகம் அண்டாவுக்குப் பக்கத்தில் நின்றபடியே சொன்னார். "ஒங்க ஆளுவளுக்கு மூணாவது பந்தி வே. ஜெயிச்சவன் சாப்ட்டு முடிக்கட்டும். மிச்சம் இருந்தா நீங்க நக்குங்க."

ஐயோ, அந்த வார்த்தையை அவர் சொல்லாமல் இருந்திருக்கலாம். எத்தனையோ தலைமுறையாக யாரும் சொல்லாத வார்த்தை. கிங்ஸ்லி எழுந்து வாளியை ஓங்கி உதைத்தான். கறிக்குழம்பு எதிர் வரிசையில் இருந்தவர்கள் மடியில் கொட்டியது. அருமைநாயகத்தின் மருமகன் ஜெபசிங், கையிலிருந்த காலி வாளியால் கிங்ஸ்லியின் காதோடு அடித்தான். காது மடல் பிய்ந்து தொங்கியது. அப்புறம் யார் யாரை அடித்தார்கள் என்று எந்தக் கர்த்தருக்கும் கணக்குத் தெரியாது. பிளாஸ்டிக் நாற்காலிகள் முதுகுகளில் உடைந்தன. விறகுக்கட்டையைக் கொள்ளியோடு உருவினார்கள். ஒரு கிழவரின் வேட்டி பற்றி எரிந்தது. அவர் இலைகளுக்கு மேல் உருண்டார். கொதிக்கிற சோற்றை அள்ளி முகத்தில் எறிந்தார்கள். பிள்ளைகள் அலறின. ஐயர் அங்கியோடு நடுவில் போய்க் கையைத் தூக்கினார். அவர் கண்ணாடியும் உடைந்தது.

ரீபா ஒரு பெஞ்சின் மேல் ஏறி நின்றாள். அவள் கையில் எருமைக் கேமரா. அன்றைக்குப் பண்டிகையை ஆசைக்கு எடுக்கத்தான் கொண்டு வந்திருந்தாள். இப்போது எடுத்தது ஆசைக்கு இல்லை. "எடுக்கேம்லே! ஒருத்தன் விடாம எடுக்கேன்! ஒங்க பவுச எல்லாம் கோர்ட்டுல பாப்பம்!" என்று கத்திக்கொண்டே அழுத்தினாள். முன்னால் கிங்ஸ்லியும் ஜெபசிங்கும் ஒருவர் கழுத்தை ஒருவர் பிடித்துக்கொண்டு நின்றார்கள். அந்தச் சின்ன ஓட்டை வழியாகத் தம்பியின் ரத்தம் வழியும் காதைத் தவிர வேறு எதையும் அவள் பார்க்கவில்லை. ஜ்ஜிக். ஜ்ஜிக். நடுவில் ஒருமுறை ஹெப்ரானைத் தேடினாள். காணோம். எந்த வாழை மூட்டில் போய்ப் பதுங்கிக் கிடக்கிறதோ என்று பல்லைக் கடித்தாள்.

திடீரென்று இரும்பு தேங்காயில் பட்டதுபோல் ஒரு சத்தம். கூடவே வாளி உருளும் சத்தம். அவள் பாதத்தில் சுளீரென்று குழம்பு தெறித்தது. கேமராவை இறக்கிப் பார்த்தால், அருமைநாயகம் குப்புற விழுந்து கிடக்கிறார். பின்மண்டை பிளந்து, சோற்றுக் குவியலில் ரத்தம் ஊறுகிறது. பக்கத்தில் அண்டா கிண்டுகிற நீள இரும்புச் சட்டுவம்.

"கிங்ஸ்லி அடிச்சிட்டான்! கிங்ஸ்லி கொன்னுட்டான்!" என்று முதலில் கத்தியவன் ஜெபசிங். கிங்ஸ்லியின் கழுத்தைப் பிடித்திருந்தவனே கத்தினால் யார்தான் சந்தேகப்படுவார்கள்?

ஜெபசிங் ஆட்கள் வளாகத்தின் கேட்டைப் பூட்டினார்கள். கொள்ளியை உருவியதும் கிழவருக்குத் தீ வைத்ததும் அவர்கள்தான். அது யார் போனிலாவது இருந்தால் கம்பி எண்ண வேண்டியதுதான். ஒவ்வொருவர் போனாகப் பிடுங்கி வீடியோக்களை அழித்தார்கள். கொடுக்காதவர்களை மிதித்தார்கள். கடைசியில் ஜெபசிங் ரீபாவிடம் வந்தான்.

"ஏளா, எடுத்தத அழி."

"இது பிலிம் கேமராலே மூதேவி. இதுல அழிக்க முடியாது."

அவன் கேமராவைப் பிடுங்கினான். திருப்பித் திருப்பிப் பார்த்து, முதுகு மூடியைக் கண்டுபிடித்துத் திறந்தான். உச்சி வெயில் உள்ளே விழுந்தது. பிலிமை ஒரு விரலால் கொக்கி போட்டு இழுத்தான். ஆட்டுக்குடல் போலச் சுருள் சுருளாக வெளியே வந்தது. கூட இருந்தவர்கள் சிரித்தார்கள். "போச்சா ஒங்கோர்ட்டு? போச்சா?"

ரீபாவுக்கு மட்டும்தான் தெரியும், இழுத்ததெல்லாம் எடுக்காத பிலிம். எடுத்த படங்கள் டப்பிக்குள் இருட்டில் பத்திரமாக இருந்தன. ஆனால் அந்தச் சவத்துப்பயல் இழுப்பதை நிறுத்தவில்லை. இன்னும் ஒரு முழம் இழுத்தால் டப்பிக்குள் இருப்பதும் வெயிலுக்கு வந்துவிடும். தம்பி போய்விடுவான். அவள் யோசிக்கவில்லை. வாய் நிறைய எச்சிலைக் கூட்டி அவன் முகத்தின் நடுவில் காறித் துப்பினாள்.

ஜெபசிங் கேமராவைக் கீழே போட்டுவிட்டு, முஷ்டியால் அவள் வாயில் குத்தினான். இரண்டு பல் நாக்கில் உருண்டது. விழும்போதே கேமரா மேல்தான் விழுந்தாள். வயிற்றில் மிதித்தான், முதுகில் மிதித்தான். அவள் சேலைக்கடியில் டப்பியை உள்ளங்கைக்குள் இறுக மூடிக்கொண்டு, "ஐயோ, எம் படமெல்லாம் போச்சே! எந் தம்பி போனானே!" என்று ஊரே நம்புகிற மாதிரி ஒப்பாரி வைத்தாள். பாதி நடிப்பு, பாதி நிஜ வலி.

சாயங்காலமே போலீஸ் வந்து கிங்ஸ்லியைக் காதுக்கட்டோடு கொண்டுபோனது. கண்ணால் பார்த்தோம் என்று நாலு பேர் சொல்லியிருந்தார்கள். அருமைநாயகம் பெரியாஸ்பத்திரியில் நினைவில்லாமல் கிடந்தார். போய்விட்டால் கொலைக் கேஸ்.

மறுநாள் காலையில், வீங்கிப்போன வாயோடு ரீபா ஸ்டுடியோவின் குளியலறையை இருட்டாக்கத் துணி கட்டினாள். ஹெப்ரான் ஐஸ் கட்டியைத் துண்டில் சுற்றிக் கொண்டுவந்தான். இரவெல்லாம் அவன் கண் மூடியிருக்கவில்லை.

"ரீபா," என்றான். "அதக் கழுவாம இருந்தா என்ன?"

அவள் திரும்பினாள். "என்ன சொன்னீய?"

"இல்ல... அதுல என்ன இருக்கோ."

"என்ன இருக்கும்? எந் தம்பி அடிக்கலன்னு இருக்கும்! ஜெபசிங் கழுத்தப் புடிச்சிக்கிட்டு நின்னவன் எந்தக் கையால சட்டுவத்தத் தூக்குவான்? அங்க ரத்தம் ஓடுது, நீங்க எந்தப் பொந்துக்குள்ள இருந்தீய? எனக்குப் பல்லு போச்சி. ஒங்களுக்குச் சட்ட கசங்குச்சா? போங்க அங்கிட்டு. பயந்தாங்கொள்ளி!"

ஹெப்ரான் கண்ணாடியைக் கழற்றினான். துடைக்காமல் கையிலேயே வைத்திருந்தான். பிறகு வெளியே போனான்.

இருட்டில் தடவித் தடவி டப்பியை உடைத்தாள், சுருளில் ஏற்றினாள், மருந்தை ஊற்றினாள், குலுக்கினாள். கொப்பளித்த பாதம் எரிந்தது. கதவைத் திறந்து ஈரப் பிலிமை ஜன்னல் கம்பியில் கிளிப் போட்டுத் தொங்கவிட்டாள். கர்த்தாவே! படங்கள் இருந்தன. ஒன்றுகூடப் போகவில்லை. போனில் ஒவ்வொரு கட்டமாகப் பிடித்து, கறுப்பை வெள்ளையாக்கி, பெரிதாக்கிப் பார்த்தாள்.

கடைசிக் கட்டம். முன்னால் கிங்ஸ்லியும் ஜெபசிங்கும், இரண்டு பேரும் கலங்கல். எருமை புத்தியை எருமை காட்டிவிட்டது. இருந்தாலும் சட்டையும் காதும் ஆளைச் சொல்லின. கிங்ஸ்லியின் இரண்டு கையும் ஜெபசிங் கழுத்தில். போதும், இது போதும், தம்பி தப்பித்தான். ரீபா வாய்விட்டுச் சிரித்தாள். பல் போன ஈறு சுண்டி இழுத்தது.

அப்புறம்தான் நடுவில் பார்த்தாள்.

இரண்டு பேருக்கும் இடையிலிருந்த சந்தில், முடி முடியாகத் தெளிவாக, அருமைநாயகம் நின்றார். முகம் நேராகக் கேமராவைப் பார்த்தது. இரண்டு கையாலும் பிடித்த கறிக்குழம்பு வாளி, நெஞ்சுக்கு மேல் தூக்கி, வீசுகிற பதத்தில் சாய்ந்திருந்தது. ஆவி பறந்தது. பெஞ்சின் மேல் நின்று படம் எடுத்துக்கொண்டிருந்தவளின் முகத்துக்கு வைத்த குறி அது.

அவருக்குப் பின்னால், இரும்புச் சட்டுவத்தைத் தலைக்கு மேல் இரண்டு கையாலும் ஓங்கியபடி, ஹெப்ரான்.

வாய் கோணியிருந்தது. கழுத்து நரம்பு புடைத்திருந்தது. அப்படி ஒரு முகத்தை அவள் பன்னிரண்டு வருஷத்தில் பார்த்ததில்லை. கண்ணாடி மூக்கில் சரிந்து தொங்கியது.

ரீபா அப்படியே ஈரத் தரையில் உட்கார்ந்துவிட்டாள். பாதத்தில் கிடந்த கொப்பளத்தைப் பார்த்தாள். தெறித்த துளிக்கே இப்படி என்றால், முழு வாளியும் முகத்தில் விழுந்திருந்தால்? பேப்பர் வெட்டுகிற கத்தரிக்கோல் கைக்கு எட்டுகிற தூரத்தில் கிடந்தது. அந்த ஒரு கட்டத்தை மட்டும் வெட்டிவிட்டால் புருஷன் தப்புவான். வெட்டினால் தம்பி உள்ளே. கையை நீட்டிக் கத்தரிக்கோலை எடுத்தாள். அந்தக் கை, யாரை அடிக்கவும் யோசிக்காத கை, பிலிமுக்குப் பாதி தூரத்தில் நின்றுவிட்டது.

ஹெப்ரான் வாசலில் நின்றான். குளித்துத் தலை சீவி, கோயிலுக்குப் போடுகிற வெள்ளைச் சட்டையைத் தேய்த்துப் போட்டிருந்தான்.

"ராத்திரி பூரா சொல்லிரணும்னு வாயத் தொறந்தேன் ரீபா. வார்த்த வரல. பயந்துட்டேன். நீ சொன்னது சரிதான்."

அவள் கையிலிருந்த கத்தரிக்கோலை அவன் பார்த்தான்.

"படத்துல நான் தெளிவா விழுந்திருக்கேனா?" என்று கேட்டான்.

"ம்." என்றாள். "கண்ணாடி வரைக்கும்."

"அப்போ போதும். கிங்ஸ்லிய விட்ருவாவ."

ரீபா ஓவென்று அழுதாள். அடித்தபோது அழாதவள், பல் போனபோது நடித்தவள், இப்போது பக்கத்துக் கடைக்காரர்கள் எட்டிப் பார்க்கிற மாதிரி அழுதாள். ஹெப்ரான் குனிந்து அவள் கையிலிருந்து கத்தரிக்கோலை வாங்கி மேஜை டிராயருக்குள் வைத்தான். ஜன்னல் காற்றில் பிலிம் காய்கிற வரைக்கும் இரண்டு பேரும் அந்த ஈரத் தரையிலேயே உட்கார்ந்திருந்தார்கள்.

காய்ந்ததும் ரீபா பிலிமைக் கிளிப்பிலிருந்து எடுத்தாள். கீறல் விழாமல் காகித உறையில் போட்டு, அவன் சட்டைப் பையில் வைத்தாள்.

"நீங்களே குடுங்க," என்றாள். "அருமைநாயகம் கையில வாளி இருந்துச்சின்னு நாஞ் சொல்லுதேன். நா ஒங்க பக்கத்துல நிக்கேன்."

ஹெப்ரான் தலையாட்டினான். செருப்பை மாட்டிக்கொண்டு அவன் முன்னால் படியிறங்கினான். கொப்பளித்த காலை இழுத்துக்கொண்டு ரீபா அவன் பின்னால் போனாள்.